தாத்தா வீட்டு அலமாரி

பெரியப்பா: ஞாயிறு மாலை வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். புத்தக அலமாரி அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

அத்தை: பழைய பேப்பர்காரரிடம் சொல்லிவிட்டேன் அண்ணா. சனி காலை வருகிறார்.

சித்தப்பா: அக்கா, பொறு! அந்தத் தடி அகராதியை மட்டும் போட்டுவிடாதே.

அம்மா: எது? அங்கே ஏழெட்டு அகராதி இருக்கிறது. அப்புறம், கிரைண்டர் யாருக்கு?

சித்தப்பா: பர்ரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. முதலில் 1961-இல் வந்தது. அப்பாவிடம் இருப்பது 1984 பதிப்பு. மொத்தம் 5557 பதிவுகள்.

அண்ணன்: எமெனோ யார்?

பெரியப்பா: கேட்டுவிட்டாயா, சரி.

சித்தப்பா: கனடாவில் லூனன்பர்க் என்ற கடற்கரை ஊரில் 1904-இல் பிறந்தவர். படித்தது சமஸ்கிருதம். 1935-இல் இந்தியா வந்தவர் மூன்று ஆண்டுகள் இருந்தார், நீலகிரிக்கும் போனார். அங்கே வாழும் தோடர், கோத்தர் பழங்குடிகளின் மொழிகளுக்கு எழுத்து கிடையாது. கோத்தரான சுள்ளி கதை சொல்லச் சொல்ல, ஒலி பிசகாமல் எழுதிக்கொண்டார். 1944 முதல் அவை புத்தகங்களாக வந்தன. தோடர் பாட்டுகளையும் தொகுத்து 1971-இல் வெளியிட்டார். நம் மலையில் பாடிய பாட்டு, எங்கிருந்தோ வந்தவர் காதில் விழுந்து நிலைத்தது!

அம்மா: கிரைண்டர்?

அத்தை: நீயே எடுத்துக்கொள்.

சித்தப்பா: இன்னும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வியட்நாம் மொழியில் இறங்கி, 1951-இல் அதன் இலக்கணத்தைப் பற்றியும் நூல் எழுதினார். 1956-இல் ஒரு கட்டுரை. வெவ்வேறு குடும்பத்து மொழிகள்கூடப் பக்கத்தில் பலகாலம் இருந்தால் ஒன்றின் சாயல் மற்றதில் ஏறும், இந்தியா முழுக்க அப்படித்தான் என்று காட்டினார்.

அத்தை: பக்கத்துத் தெருவில் இருந்தும் நாம் மூன்று வருடம் பேசவில்லை.

பெரியப்பா: அதை இப்போது எடுக்காதே.

தங்கை: சித்தப்பா, அகராதியில் எப்படிப் பார்ப்பது?

சித்தப்பா: தமிழ்ச் சொல் இருந்தால் அதுதான் முதலில் வரும். ‘கண்’ எடு. தோடரில் ‘கொண்’. பலூசிஸ்தானத்துப் பிராகூயி என்ற திராவிட மொழியில் ‘கன்’, அந்தக் ககரம் தொண்டையில் உரசி வரும். ஒரே வேர், எவ்வளவு தூரம்! பர்ரோ ஆக்ஸ்ஃபோர்டிலும் எமெனோ கலிஃபோர்னியாவிலும் இருந்து இதைச் செய்திருக்கிறார்கள். எமெனோ 101 வயது வரை வாழ்ந்தார், 2005-இல்தான் போனார்.

சித்தப்பா: எனக்கும் இதைத்தான் படிக்க ஆசை. பேங்க் வேலைக்குப் போ என்றது நீங்கள்தான் அண்ணா.

பெரியப்பா: அப்போது வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்.

சித்தப்பா: தெரியும்.

தங்கை: எனக்கு அடுத்த மாதம் மொழியியல் நேர்காணல். அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும்.

சித்தப்பா: உனக்குத்தான் கண்ணு. ஒரு மாதம் மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

அம்மா: நேர்காணலே அடுத்த மாதம்தானே?

அத்தை: அப்படியென்றால் பேப்பர்காரரை வரச் சொல்லவா, வேண்டாமா?

பெரியப்பா: வரட்டும். புத்தகத்தைத் தவிர... நாளிதழ் மட்டும்... வந்து பார்த்துப் பிரிப்போம்.

அண்ணன்: வீட்டில்தான் இருக்கிறேன். அலமாரி பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம்?

அத்தை: பாட்டி கொத்தில் இருக்கும்.

அண்ணன்: பாட்டி கொத்து யாரிடம்?