14 வயது மகன் கோர்வையாகப் பேசுகிறான், எழுதச் சொன்னால் நாலு வரிதான் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நிலாமுற்றம்:
வணக்கம். மகனுக்கு 14, மகளுக்கு 13. மூன்றாவது வருடமாக இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். கணக்கு, அறிவியல் பற்றிக் கவலை இல்லை, எழுத்துதான் பிரச்சினை. பெரியவனுக்கு எறும்புகள் என்றால் உயிர், அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவான், கேட்கவே நன்றாக இருக்கும். சரி, இதையே எழுதித் தா என்றால் வருவது இதுதான்: "எறும்பு சின்ன பூச்சி. அது கூட்டமா இருக்கும். ராணி எறும்பு முட்டை போடும்." அப்புறம் பேனாவை மூடிவிடுவான். மகள் நேர் எதிர். பக்கம் பக்கமாக எழுதுவாள், ஆனால் அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம், யாரைப் பற்றி ஆரம்பித்தாள், யாரிடம் முடித்தாள் என்று நமக்குப் புரியாது. இலக்கணப் புத்தகம் வாங்கி நடத்தினேன். கேட்டால் விதியைச் சொல்கிறார்கள், எழுதும்போது அது வருவதில்லை. நான் சிவப்பு மையில் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் இப்போது நோட்டைக் கண்டாலே இருவரும் ஒதுங்குகிறார்கள். இந்த வயதில் அடிப்படையிலிருந்து தொடங்குவது தாமதமா? நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

சுழியம்:
தாமதமே இல்லை சகோதரி. நான் பல வருடம் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். உங்கள் மகனிடம் சரக்கு இருக்கிறது, அதுதான் கிடைப்பதற்கு அரிய பாதி. எழுத உட்காரும்போது அவன் ஒரே நேரத்தில் நாலு வேலை செய்கிறான்: என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது, எழுத்துப்பிழை வராமல் எப்படி எழுதுவது, அதற்கும் மேல் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றுவது. "முட்ட போட்டுடுச்சுன்னா" என்று வாயில் வருவதை "முட்டையிட்டுவிட்டால்" என்று கை எழுத வேண்டும். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் இந்த மொழிபெயர்ப்பு தலைக்குள் நடக்கிறது. களைத்துப் போய் நாலு வரியில் நிறுத்துகிறான்.

அதனால் வேலையைப் பிரியுங்கள். முதல் நாள் அவன் பேசட்டும், நீங்கள் ஒரு வார்த்தை மாற்றாமல் பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள், பத்து வரி போதும். மறுநாள் அதை அவன் எழுத்து வழக்குக்கு மாற்றட்டும், அன்று புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம். மூன்றாம் நாள் வரிசையை மாற்றிப் பார்த்து, துண்டு வாக்கியங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். "எறும்புகள் கூட்டமாக வாழும். ராணி முட்டையிடும்" என்ற இரண்டையும் "கூட்டமாக வாழும் எறும்புகளில் முட்டையிடுவது ராணியின் வேலை" என்று அவனே ஒட்டிவிட்டால் பெயரெச்சம் ("வாழும் எறும்பு" என்பதில் "வாழும்" போல, பெயரைக் கொண்டு முடியும் வினை) என்ற சொல்லை அப்போது சொல்லிக் கொடுக்கலாம். கையில் செய்த பிறகு பெயர் தெரிந்தால் நிற்கும், அதற்கு முன்னால் சொன்னால் அது இன்னொரு மனப்பாடம்.

மகள் விஷயம் வேறு. நீளம் தவறில்லை, தமிழில் "போய், பார்த்து, எடுத்து" என்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வாக்கியத்தை இழுக்கலாம். ஆனால் அந்தச் சங்கிலி பொதுவாக ஒரே ஆளைப் பற்றியதாக இருக்க வேண்டும். "நான் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பூனை மேஜைமேல் உட்கார்ந்திருந்தது" என்று எழுதுகிறாளா பாருங்கள். போனது நான், உட்கார்ந்தது பூனை, ஆள் மாறிவிட்டது. "போய்" என்பதைப் "போனபோது" என்று மாற்றினால் வாக்கியம் நிமிர்ந்துவிடும். அவள் எழுதியதை அவளையே சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வினைக்கும் "யார்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தை அவளே அடிக்கோடிடட்டும். என் அனுபவத்தில் குழப்பமான நீள வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில் பிரிந்துவிடும்.

தென்றல்77:
மேலே ஐயா சொன்னதோடு ஒன்று. அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் (1706-ல் பிறந்தவர்) பத்து வயதோடு பள்ளியை விட்டவர், 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத்துப்பிழை அவருக்கு வராது, ஆனால் சொல்லும் முறையில் தெளிவு இல்லை என்று அப்பா எடுத்துக்காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைத் தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். பிடித்த ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிக்கொண்டு, சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் வைத்துத் தன் சொற்களில் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார். தனக்குச் சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் உரைநடையைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தியும் பழகினார்.

என் மகளோடு இதைச் செய்து வருகிறேன், எட்டு வாக்கியப் பத்திக்கு மேல் எடுப்பதில்லை. வாக்கியத்துக்கு மூன்று சொல் குறிப்பு, மூன்று நாள் இடைவெளி. ஒப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்வதே இல்லை. "அவர் ஏன் இந்த வரியை முதலில் வைத்தார்?" என்று அவள் வந்து கேட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் பெண்ணுக்கு இது ரொம்பப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மைக்கறை:
சிவப்பு மையைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள் அக்கா. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் எது பெரிய தவறு, எது சின்னத் தவறு என்று பிள்ளைக்குத் தெரியாது, நான் மோசம் என்பது மட்டும் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழை, அவ்வளவுதான். முதலில் வாக்கியம் முடியும் இடத்தில் முற்றுப்புள்ளி. அது கைவந்ததும் ல, ள, ழ. அதற்கும் பொதுப் பட்டியல் வேண்டாம், அவரவர் தவறாக எழுதிய சொற்களை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்து, அந்தச் சொற்களை வைத்து நீங்கள் சொல்லச் சொல்ல மூன்று வாக்கியம் எழுதட்டும். இரண்டு சொற்களுக்கு நடுவில் வரும் க், ச், த், ப் ஒற்றைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். அதையும் "அந்தப் பையன், வீட்டைக் கட்டினான், வீட்டுக்குப் போனான்" என்று காதில் விழ வைத்துப் பழக்கினாலே தினசரி எழுத்தில் வரும் பெரும்பகுதி சரியாகிவிடும்.

மகன் எழுதியதற்கு அடியில் திருத்தத்துக்குப் பதிலாகக் கேள்வி எழுதுங்கள். "ராணி இறந்துவிட்டால் கூட்டம் என்ன ஆகும்?" உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும், ஆசிரியர் கேள்வியாக இருந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழிப்போக்கன்:
ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். எழுதும்போது கை வலிக்கிறது என்கிறானா, பேனாவை அழுத்திப் பிடிக்கிறானா, எழுத்தின் அளவும் இடைவெளியும் தாறுமாறாக இருக்கிறதா? டிஸ்கிராஃபியா என்ற எழுதுதல் குறைபாடாக இருக்கலாம், அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. நன்றாகப் பேசும் பிள்ளை எழுத மறுத்தால் சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு நிபுணரிடம் காட்டுவது நல்லது. என் தம்பி மகனை அப்படித்தான் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தோம், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தட்டச்சுக்கு மாறியதும் எழுத ஆரம்பித்தான்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் ஆகிறது. கை வலி இல்லை, கேட்டுப் பார்த்தேன், எழுத்தும் சீராகத்தான் இருக்கிறது. அவன் பேசியதை அப்படியே எழுதிக் கொடுத்ததும் "இவ்வளவும் நான் சொன்னதா?" என்று நம்பாமல் பார்த்தான். மறுநாள் மாற்றி எழுத நாற்பது நிமிடம் ஆனது, ஆனால் முழுதாக முடித்தான், பதினோரு வரி. ராணி பற்றிய கேள்வியை அடியில் எழுதினேன், அதற்கு இன்னொரு பக்கம் தனியாக வந்தது. மகள் "யார்?" கேள்வியில் முதல் நாள் கோபித்துக்கொண்டாள், இப்போது என்னுடைய செய்திகளைப் படித்து என்னையே கேட்கிறாள். ஒரு சந்தேகம்: அவன் பேச, நான் எழுதுவதை எப்போது நிறுத்துவது?

சுழியம்:
நீங்களாக நிறுத்த வேண்டாம் சகோதரி. முதல் ஐந்து வரியை நீங்கள் எழுதுங்கள், மீதியை அவன் தொடரட்டும். பிறகு மூன்று வரி, பிறகு ஒன்று. நடுவில் ஒரு நாள் சோர்ந்து போனால் மறுபடி பத்து வரியும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அந்த ராணி எறும்புப் பக்கத்தை முடிந்தால் இங்கே போடுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.