கவர்மெண்டே ஊசி குடுக்குற திட்டம் எப்படி வந்துச்சு? பழைய கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்:
வணக்கம். போன வாரம் கோயில் கமிட்டி கூட்டத்துல திருவிழா கணக்கு பேசிக்கிட்டு இருந்தோம், பேச்சு எங்கெங்கயோ போயி, கவர்மெண்டே போதைப் பையனுங்களுக்கு ஊசி குடுக்குது, இது எந்த ஊரு நியாயம்னு ஒரு அங்கள் சத்தம் போட்டாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. எச்ஐவி வந்த காலத்துல இருந்து நம்ம மலேசிய அரசாங்கம் என்ன செஞ்சிச்சு, எப்ப மாறுச்சு?

ரிட்டயர்ட் மிஸ்ஸி:
தம்பி, நம்ம நாட்டுல முதல் கேஸ் 1986ல. அதுக்கு முன்னாடியே, 1983ல, போதைப்பொருள நாட்டோட முதல் எதிரின்னு அறிவிச்சாச்சு. அதனால ஊசி போடுறவன புடி, புசாட் செரெந்தில, அதான் கவர்மெண்ட் போதை மறுவாழ்வு மையத்துல, அடை, இதுதான் வழின்னு இருந்தாங்க. ஊசி கையில இருந்தா போலீஸ் புடிக்கும்னு பயந்து யாரும் சொந்தமா வச்சுக்க மாட்டான், ஒரே ஊசி நாலு பேரு கை மாறும், நோய் பரவுனது அப்படித்தான். 90கள்ல வந்த கேஸ்ல பெரும்பங்கு இந்தப் பையனுங்கதான். நான் நர்ஸா இருந்த வார்டுல தோட்டத்துப் பையன் ஒருத்தன் செத்தப்ப பொணத்த பிளாஸ்டிக்ல சுத்தி பெட்டிய மூடி குடுத்துட்டாங்க, அவங்கம்மா கடைசியா முகம் பாக்கணும்னு அழுதாங்க, தொறக்கல. அந்த அழுகை இன்னும் எனக்கு ஆறல.

ஆனா ஒண்ணு நல்லா செஞ்சாங்க. 1998ல இருந்து கவர்மெண்ட் கிளினிக்குக்கு வர்ற கர்ப்பிணிங்களுக்கு எச்ஐவி டெஸ்ட் ஆரம்பிச்சு, இருந்தா மருந்து குடுத்து புள்ளைய காப்பாத்துனாங்க. தோட்டத்துப் பொண்ணுங்களுக்கு நானே ரத்தம் எடுத்திருக்கேன். தாய்கிட்டருந்து புள்ளைக்கு பரவுறத மலேசியா ஒழிச்சிருச்சுன்னு 2018ல உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்துச்சு, மேற்கு பசிபிக் வட்டாரத்துல நம்ம நாடுதான் முதல்ல.

தைப்பிங் சிவா:
மிஸ்ஸி சொன்னதோட மருந்து கதையும் சேத்துக்கங்க. அப்பல்லாம் எச்ஐவி மருந்து மாசத்துக்கு 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆகும், ரப்பர் பால்வெட்டுற குடும்பம் எங்க போகும். 2003ல அரசாங்கம் பேட்டண்ட் (கண்டுபிடிச்ச கம்பெனிக்கு மட்டும் இருக்குற உரிமை) சட்டத்துல தனக்கு இருக்குற அதிகாரத்த எடுத்து, பேட்டண்ட் கம்பெனிகள கேக்காமலே இந்தியாவோட சிப்லா கம்பெனி மருந்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு இறக்குமதி செய்ய அனுமதி குடுத்துச்சு. செலவு ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கா இறங்கிருச்சு. பெரிய கம்பெனிங்க, பெரிய நாடுங்க மூஞ்சி சுளிச்சும் நம்ம அரசாங்கம் அசராம நின்னுச்சு பாருங்க, அதுக்கு நான் கும்புடு போடுவேன்.

ஊசி விஷயம்: 2002ல ஒரே வருஷத்துல 7,000 கிட்ட புது கேஸ். புடிச்சு அடைச்சா அடங்கும்னு நெனச்சது அடங்கவேயில்லன்னு அப்பதான் உறைச்சுது. மலேசிய எய்ட்ஸ் மன்றம் 1992ல இருந்தே இருக்கு, அப்ப பிரதமரா இருந்த மகாதீரோட மக மரினா ரொம்ப வருஷம் தலைவரா இருந்து கத்திக்கிட்டே இருந்தாங்க. கடைசியில 2005ல மெதடோன் (போதைக்குப் பதிலா டாக்டர் குடுக்குற மருந்து), 2006ல ஊசி மாத்துற திட்டம், மொதல்ல பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு. பழைய ஊசிய வாங்கிக்கிட்டு புதுசு குடுப்பாங்க. இப்ப புது கேஸ்ல ஊசி வழியா வர்றது கொஞ்சம்தான், பெரும்பாலும் உடலுறவு வழியாதான். அந்த அங்களுக்கு இத சொல்லுங்க.

குமார் பால்காடு:
எல்லாம் சரிங்க அண்ணே, ஆனா இருபது வருஷம் லேட்டு. அந்த இடைவெளியில எங்க தோட்டத்து லயத்துல (வரிசை வீடுங்க) மட்டும் எத்தன பேரு போனானுங்க. மெதடோன் வந்தும் தோட்டக்காரனுக்கு லேசா கெடைக்கல. அது தண்ணி மாதிரி குடிக்கிற மருந்து, கிளினிக்குல ஆளு முன்னாடி குடிக்கணும், ஆரம்பத்துல தினமும் போகணும். கிளினிக் தொறக்குறது 8 மணிக்கு, பால்வெட்டு விடியறதுக்கு முன்னாடியே. என் சித்தப்பா மகன் நாலு மாசம் ஒழுங்கா போனான், லேட்டா வந்தான்னு மண்டோர் (கங்காணி) பேரு போடல, சம்பளம் வெட்டுனாங்க, நிறுத்திட்டான். கொள்கை பட்டணத்த பாத்து எழுதுனா இப்படித்தான்.

ரிட்டயர்ட் மிஸ்ஸி:
குமாரு, அவன் இப்ப எங்க இருக்கான்? ஒழுங்கா குடிக்கிறவங்களுக்கு கொஞ்ச நாளுக்கு வீட்டுக்கே குடுத்தனுப்புறாங்க, டாக்டர்கிட்ட கேக்கணும். தனியா போகச் சொல்லாத, நீ கூட போ. அப்படியே எச்ஐவி டெஸ்டும் எடுத்துறச் சொல்லு, இருந்தா மருந்து கவர்மெண்ட்லயே கெடைக்கும்.

குமார் பால்காடு:
பக்கத்து செம்பனை தோட்டத்துலதான் வேல செய்றான் அக்கா. திங்கக்கிழம கூட்டிட்டு போறேன்.