கண் சிவந்தா சுடுதண்ணி எண்டு சொல்லலாம் தானே: டிப்ரெஷன் இருக்கிற ஆக்களோட உங்கட அனுபவம்

உவர்மலைக்காரி:
எழுதாம விட்டா இது என்னை விடாது போல, அதான். எங்கட மச்சாளுக்கு டிப்ரெஷன், ரெண்டு வருசமா குளிசை போடுறா, வீட்டில எல்லாருக்கும் தெரியும் ஆனா ஒருத்தரும் கதைக்கிறேல்ல. போன ஓகஸ்ட் லீவுக்கு எங்கட திருகோணமலைக் கன்னியா சுடுதண்ணிக் கிணத்தடிக்குப் போனனாங்கள். வேனுக்குள்ள அவதான் பகிடி விட்டுக்கொண்டு வந்தவ, பிள்ளையள் எல்லாம் அவட மடியிலதான். அங்க ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு தானே, சனம் ஒண்டில ரெண்டு வாளி அள்ளி ஊத்திட்டு அடுத்ததுக்குப் போகும், இவ ஒரே கிணத்தடியில நிண்டு ஊத்துறா ஊத்துறா, நிப்பாட்டுறா இல்ல. கிட்டப் போனா தோள் குலுங்குது. என்னைக் கண்டதும் முகத்தைத் துடைச்சுப்போட்டு, "இஞ்ச அழுதா நல்லம் மச்சாள், கண் சிவந்தா சுடுதண்ணி எண்டு சொல்லலாம் தானே" எண்டா. சிரிச்சுக்கொண்டு சொன்னவ. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "சரி வாங்கோ, கச்சான் வாங்குவம்" எண்டு. கச்சான்!

டச்சுபே பெடியன்:
எனக்கே இருக்கு, அதால உள்ளுக்க இருந்து சொல்லுறன். காலமைதான் மோசம், நாலு மணிக்கே முழிப்பு வந்துரும், நெஞ்சில கல்லு வச்ச மாதிரி, பின்னேரம் ஆக ஆக கொஞ்சம் லேசாகும். அதால காலமையில எந்த முடிவும் எடுக்கிறேல்ல, வேலையை விடுறது, ஆரோடயும் கோவிக்கிறது எல்லாத்தையும் பின்னேரத்துக்குத் தள்ளிப்போடுவன், பின்னேரம் பாத்தா பாதி தேவையில்லாமப் போயிருக்கும். எழும்பவே ஏலாட்டி பல்லுத் தீட்டுறது மட்டும்தான் இண்டைக்கு வேலை எண்டு வச்சுக்கொள்ளுவன். ஒருநாள் கிளினிக் முடிஞ்சு கோட்டைப் பக்கம் இருந்தனான், எங்கட ஊருக்குள்ள திரியிற மான் தெரியும் தானே, பின்னால வந்து பையில நீட்டிக்கொண்டிருந்த என்ர கிளினிக் கொப்பியை இழுத்து அரைவாசி திண்டுட்டுது. நான் சிரிச்சன் பாருங்கோ, மாசக்கணக்கா வராத சிரிப்பு. சிரிச்சு முடியவே பயம் வந்துட்டு, ஆராவது பாத்திருந்தா இவனுக்கு ஒண்டுமில்ல, நடிக்கிறான் எண்டுவாங்களே எண்டு சுத்திவரப் பாத்தன். மானை விட அந்தச் சுத்திப் பாத்ததுதான் இன்னும் மனசில நிக்குது.

நிலாவெளி அண்ணன்:
என்ர சித்தப்பாவும் இப்பிடித்தான், 2004 சுனாமிக்குப் பிறகு கனகாலம் கடலுக்கே போகேல்ல, இப்ப சரி. தம்பி, நான் சொல்லுறதைக் கேளும். விடிய அஞ்சு மணிக்கு எழும்பும், காளி கோயிலை மூண்டு தரம் சுத்தும், போனை மூலைக்க போடும், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடியும், மீன் நல்லாச் சாப்பிடும், தனிய இருக்காதேயும், வேலைவெட்டி இருந்தா யோசனை வராது, சண்டைக் காலத்தில எங்கட ஆக்கள் பட்டபாட்டுக்கு ஆருக்கு டிப்ரெஷன் வந்தது? அந்தக் குளிசையளை முதல்ல விடும், பழகினா விட ஏலாது.

குளிசைக்காரி:
சண்டைக் காலத்தில ஆருக்கு வந்ததோ? எங்கட அம்மாவுக்கு வந்தது அண்ணன், பேர்தான் தெரியேல்ல, பேய் பிடிச்சிட்டு எண்டு நூல் கட்டினாங்கள். குளிசைக் கதைக்கு வாறன். செர்ட்ரலின் எண்ட டிப்ரெஷன் குளிசை எனக்கு வேலை செய்யத் தொடங்கவே நாலு கிழமைக்கு மேல போச்சு, முதல் கிழமை வயித்தைப் பிரட்டினதுதான் மிச்சம். ஆறு மாசத்தில நல்லா வந்துட்டன் எண்டு நானே டக்கெண்டு நிப்பாட்டினன், மூண்டாம் நாள் தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி, பஸ்ஸில நிக்க ஏலாம கம்பியைப் பிடிச்சுக்கொண்டு அழுதன். அது அடிமையானதால இல்ல, டொக்டரிட்டக் கேட்டு மெல்ல மெல்லக் குறைச்சிருக்கோணும், அவ்வளவுதான். தம்பி, நீங்கள் விட்டுடாதேங்கோ. இரவில ஏலாமப் போனா 1926க்கு எடுங்கோ, இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின்ர லைன், 24 மணித்தியாலமும் இருக்கு.
உவர்மலைக்காரி, கச்சான் வாங்கிக் குடுத்தது பிழையில்ல. அந்தப் பஸ்ஸில ஒரு கிழவி ஒண்டும் கேக்காம சீட்டை விட்டுத் தந்தவ எனக்கு.

நிலாவெளி அண்ணன்:
நான் நல்லதுக்குத்தான் சொன்னனான்.

உவர்மலைக்காரி:
மச்சாளிட்டக் கேக்காம இதுக்குள்ள எழுதினது சரியோ தெரியேல்ல. நேற்று கோல் எடுத்தவ, திரும்பக் கன்னியா போவமாம், இந்தமுறை பிள்ளையள் இல்லாம. வாளி நான் கொண்டு வாறன் எண்டன்.