டி.பி. மருந்தும் குழந்தையின் ஈரலும்: ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

பெரம்பூர் அம்மா:
மகளுக்கு ஆறு வயது. கழுத்தில் கட்டி, டி.பி. என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். என் அண்ணன் பையனுக்கு இதே மருந்தில் மஞ்சள் காமாலை வந்து நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. ரத்த சொந்தம் ஆச்சே, இவளுக்கும் வருமா?

குரோம்பேட்டை பார்மசிஸ்ட்:
வந்தே தீரும் என்றில்லைங்க. டி.பி. மாத்திரைகளில் ஒன்றான ஐசோனியசிடை உடைக்கும் என்சைமின் வேகம் நாட்2 (NAT2) என்ற ஜீனைப் பொறுத்தது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மெதுவான வகை வந்தால் மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், ஈரல் பாதிக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் நம்ம பக்கம் பாதிக்கு மேல் மெதுவான வகைதான், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. போதாக்குறைக்கு கூடவே கொடுக்கும் டி.பி. மருந்துகளான ரிஃபாம்பிசின், பைராசினமைடும் ஈரலைத் தொடக்கூடியவை. அதனால் ஜீன் டெஸ்டை விட ஈரல் டெஸ்ட்தான் உபயோகம்.

வேளச்சேரி அப்பா:
வலிப்பு மருந்து வால்ப்ரோயேட் கதை வேற. போல்ஜி (POLG) என்ற ஜீனில் கோளாறு உள்ள குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ஈரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்து. என் பையனுக்கு வளர்ச்சியும் தாமதம் என்பதால் டாக்டர் முதலில் அந்த டெஸ்ட்டைத்தான் எழுதினார்.

பெரம்பூர் அம்மா:
சரி, வீட்டில் எதைக் கவனிக்கணும்?

குரோம்பேட்டை பார்மசிஸ்ட்:
வாந்தி, சாப்பாடே வேண்டாம் என்பது, டீ நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சள். இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்க. அண்ணன் பையன் விஷயத்தையும் இப்பவே சொல்லிடுங்க. பாட்டி கீழாநெல்லி அரைக்கக் கிளம்பினால், தயவுசெய்து தடுத்துடுங்க.