புதுப்பிப்பு: வயர்லெஸ் மைக்கை கேமராவில் செருகினால் வரும் இரைச்சல்

பேச்சுக்கு அடியில் 'உஸ்ஸ்' என்று கேட்கிறதே என்ற முந்தைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மைக்கில் குறையில்லை, மைக்கின் சிக்னலைப் பெருக்கும் கேமராவின் ப்ரீஆம்ப்தான் இரைகிறது. ஆடியோ லெவல் ஆட்டோவில் இருந்தால், பேச்சு நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கேமரா கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றி இரைச்சலை மேலே இழுக்கும். மேனுவலுக்கு மாற்றி, லெவலை 1 அல்லது 2-ல் வையுங்கள். குறையும் சத்தத்தை, கேமராவில் செருகிய வயர்லெஸ் மைக் ரிசீவரின் அவுட்புட்டில் ஏற்றுங்கள். பேச்சின் உச்சம் கேமராவின் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் தொட்டால் போதும்.

கேபிளையும் பாருங்கள். பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது ஃபோனுக்கானது. கேமராவுக்கு இரண்டு வளையம்.

கையில் மிச்சப் பணம் இருந்தால் அடுத்த லென்ஸுக்கு முன் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (மெல்லிய ஒலி, உரத்த ஒலி இரண்டையும் உடையாமல் பதிவது) வாங்குங்கள், ஜூம் எச்1 எசென்ஷியல் போல. திடீர்க் கத்தலையும் எடிட்டிங்கில் இறக்கலாம். ஆனால் சத்தம் தாங்காமல் மைக்கிலேயே உடைந்துபோன ஒலியை அதுவும் மீட்காது.