பிக்கப்புக்கு 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50: எந்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது? அவசரம்

மேட்டுப்பாளையம் லோடு:
வணக்கம். நாளைக் காலை பிக்கப்புக்கு ஆயில் மாற்ற வேண்டும். கோத்தகிரி ஏறி முடித்து டீக்கடையில் நிறுத்தினால், ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. ஆயில் இளகிவிட்டது, 20டபிள்யூ-50 ஊற்று என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் 15டபிள்யூ-40 எடுத்து வைத்திருக்கிறார். மைத்துனன் 5டபிள்யூ-30தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எதை வாங்குவது? கடை எட்டு மணிக்கு மூடிவிடும்.

டீசல் தம்பி:
என்ன வண்டி, எந்த வருடம், எவ்வளவு ஓடியிருக்கிறது? பெட்ரோலா டீசலா என்றுகூடச் சொல்லவில்லையே அண்ணா.

கரூர் பாடி பில்டர்:
மெக்கானிக் சொல்வதுதான் சரி. நம் ஊர் வெயிலுக்கும் லோடுக்கும் கெட்டி ஆயில்தான் தாங்கும். என் பழைய வண்டிக்கு 20டபிள்யூ-50தான். இன்றுவரை இன்ஜினைத் திறந்ததில்லை.

பழைய பிஸ்டன்:
வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்க அல்ல, படிக்கத்தான். இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? கடைசியாகச் சொல்கிறேன். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ஊட்டி உறைபனிக்கே 15 தாராளம். பின்னால் உள்ள எண்தான் சூடான இன்ஜினில் ஆயிலின் கெட்டித்தன்மை. 100 டிகிரியில் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 அதற்கும் மேல். இன்ஜினின் பேரிங் இடைவெளிக்கும் ஆயில் பம்புக்கும் ஏற்றதைத் தயாரித்தவர்களே சொல்லியிருப்பார்கள். வெயிலைப் பார்த்து நாமாக ஊகிக்கத் தேவையில்லை.

மேட்டுப்பாளையம் லோடு:
டீசல்தான். 2021 மாடல், பி.எஸ்.6 புகை விதிப்படி வந்தது. புத்தகத்தைப் பழைய டிரைவர் தொலைத்துவிட்டார்.

டீசல் தம்பி:
பி.எஸ்.6 என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் சைலன்சர் வழியில் புகைக்கரி பிடிக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி இருக்கும். டபிள்யூ எண்களை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கேனின் பின்பக்கத்தையும் படியுங்கள். சி.ஐ-4 என்று போட்டிருக்கும் பழைய தர ஆயில் எரிந்தால் சாம்பல் அதிகம். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது, அது டி.பி.எஃப்பிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். சி.கே-4 அல்லது சி3 போல, புத்தகத்தில் சொன்ன சாம்பல் குறைந்த தரம்தான் வேண்டும். சேஸிஸ் எண்ணைச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் தரத்தையும் எண்ணையும் சொல்லிவிடுவார்கள். அதிருக்கட்டும், ஆயில் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்டிக், என்ன காட்டுகிறது?

மேட்டுப்பாளையம் லோடு:
மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருக்கிறது. போன மாதம் கோட்டில்தான் இருந்தது. குறையவில்லையே, நல்லதுதானே?

பழைய பிஸ்டன்:
ஆயில் குட்டி போடாது ஐயா.

டீசல் தம்பி:
டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள் அண்ணா. டீசல் வாடை அடித்தால் காரணம் கிடைத்துவிட்டது. டி.பி.எஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க, பல வண்டிகளில் சிலிண்டருக்குள்ளேயே கூடுதலாக டீசல் பீய்ச்சும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். பாதியில் இன்ஜினை அணைத்தால் திரும்பத் திரும்ப அதே கதை. டீசல் கலந்த ஆயில் இளகும், சூட்டில் பிரஷர் இறங்கும், ஐடிலில் விளக்கு மினுக்கும். 20டபிள்யூ-50 ஊற்றினால் கொஞ்ச நாளைக்கு விளக்கு வராது, ஆனால் டீசல் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மாற்றும்வரை வண்டியை மலையேற்றாதீர்கள். புது ஆயில் ஊற்றியதும் தனி கேஜ் வைத்துப் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், ஆயில் விளக்கின் சுவிட்சே கெட்டிருந்தாலும் தெரிந்துவிடும்.

கரூர் பாடி பில்டர்:
டி.பி.எஃப், சாம்பல் எல்லாம் விற்பவன் பேச்சு. பாதிக் கடைகளில் கேனுக்குள் இருப்பதே போலி ஆயில். காலிக் கேனைப் பட்டறையில் விடாமல் கையோடு வாங்கி வாருங்கள், அதுதான் முக்கியம்.

பழைய பிஸ்டன்:
கேனை வீட்டுக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார். அடியில் ஆணியால் ஓட்டை போட்டால் போதும்.

கரூர் பாடி பில்டர்:
ஓட்டையை அடைத்தும் விற்கிறார்கள். மூடியையும் நசுக்க வேண்டும்.

பழைய பிஸ்டன்:
மூடி புதிதாகக் கிடைக்கிறது, நசுக்கி என்ன பயன்? லேபிளைக் கிழியுங்கள்.

டீசல் தம்பி:
கேன் சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். அண்ணா, வாடை அடித்ததா?

மேட்டுப்பாளையம் லோடு:
நன்றாகவே அடித்தது. சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டேன், 5டபிள்யூ-30, சாம்பல் குறைந்த தரம் என்றார்கள். மைத்துனனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயில், ஃபில்டர் மாற்றியாயிற்று. கேஜில் பிரஷர் சரியாக இருக்கிறதாம். டிரைவரிடம் விசாரித்தால், மண்டியில் வரிசையில் நிற்கும்போது டி.பி.எஃப் விளக்கு வரும், உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவேன் என்கிறார்! இனி அது வந்தால் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். கேரட் ஏற்றுகிறார்கள், வருகிறேன்.

கரூர் பாடி பில்டர்:
காலிக் கேன் எங்கே?