‘கூத்தியல் ஆளுமை’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

திருநகர்: மடற்குழு நண்பர்களே, திங்கட்கிழமை தமிழ்வழி உளவியல் வகுப்புக்கு உள்தேர்வு. ‘ஹிஸ்ட்ரியானிக் பெர்சனாலிட்டி டிஸார்டர்’, அதாவது பிறர் கவனத்தை ஈர்க்க உணர்ச்சியை மிகையாகக் காட்டும் ஆளுமைக் கோளாறு, என்பதற்குப் பாடக்குறிப்பில் ‘கூத்தியல் ஆளுமைக் கோளாறு’ என்றிருக்கிறது. நேற்று பலகையில் எழுதினேன். “கூத்தியா மேடம்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், வகுப்பே சிரித்தது. அழித்துவிட்டேன். ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்.

மேலூரான்: அம்மா, கூத்து + இயல். உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும். பிழை எங்கே? லத்தீனில் ‘ஹிஸ்ட்ரியோ’ என்றால் நடிகன். வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவனே கூத்தன்தானே!

திருநகர்: அய்யா, ஆடுகிறவன் கூத்தன் என்றால் சாமி, ஆடுகிறவள் கூத்தி என்றால் வைப்பாட்டி. பிழை புணர்ச்சியில் இல்லை.

அனுப்பானடி: ‘மிகைநடிப்பு ஆளுமை’ போடுங்க அக்கா. ‘சீன் போடுறது’ன்னா எல்லாப் பிள்ளைக்கும் விளங்கும், நீங்கதான் ஒத்துக்க மாட்டீங்க.

பழங்காநத்தம்: நடிப்பு கூடாது தம்பி. 1991-இல் எங்கள் சித்திக்கு நெஞ்சடைப்பு, கை மரத்துப்போகும். “நடிக்கிறா” என்றார் சித்தப்பா. பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் அறுத்தோம். கடைசியில் டாக்டர் சீட்டில் எழுதியது ‘ஹிஸ்டீரியா’. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு 1980-லேயே அந்த நோய்ப்பெயரைக் கைவிட்டிருந்தது. அதன் வழிவந்த ‘ஹிஸ்ட்ரியானிக்’ மட்டும் தங்கிவிட்டது. சித்தப்பா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “நான் சொன்னதைத்தான் இங்கிலீஷ்ல எழுதியிருக்கார்” என்றார்.

மேலூரான்: இரண்டும் வெவ்வேறு வேர். ஹிஸ்டீரியா கிரேக்க ‘ஹிஸ்டெரா’, அதாவது கருப்பை. நம் ‘உதரம்’ அதற்கு உறவு. எனவே…

அனுப்பானடி: உதரம் வடசொல் அய்யா.

மேலூரான்: யார் சொன்னது? ‘உது’ என்றால் முன்னிருப்பது. முன் தள்ளிய வயிறு உதரம்! விரிவாக நாளை எழுதுகிறேன்.

(விரிவாகத்தான் எழுதினார், நான்கு மடல். சொல் வரவில்லை.)

சோழவந்தான்: தொல்காப்பியர் இருக்க லத்தீன் எதற்கு? ‘மிகைமெய்ப்பாட்டு ஆளுமை’. உணர்ச்சி மெய்யில் படுவது மெய்ப்பாடு. பொய் என்ற பழி ஒட்டாது.

திருநகர்: சொல் பிடிக்கிறது. ஆனால் அவர்தானே பெருமையும் உரனும் ஆணுக்கு, அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு என்று பிரித்தார்? 1970-இல் அமெரிக்க உளவியலாளர் ப்ரோவர்மன் குழு மனநல வல்லுநர்களிடம் கேட்டபோது, நலமான ஆளுக்கும் நலமான ஆணுக்கும் ஏறக்குறைய ஒரே குணங்களைச் சொன்னார்கள். நலமான பெண் அந்தக் கணக்கில் வரவில்லை. அடங்கினால் நலமில்லாத ஆள், அடங்காவிட்டால் நலமில்லாத பெண்.

பழங்காநத்தம்: உளவியலாளர் மார்சி கப்லன் 1983-இல் இதைக் கிண்டலடித்தே எழுதினார். உணர்ச்சியைக் காட்டினால் கோளாறு என்றால், காட்டாமலே இருப்பவருக்கும் ஒரு கோளாறுப் பெயர் வையுங்கள் என்று அவரே ‘ரெஸ்ட்ரிக்டெட் பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று ஒன்றைக் கற்பனை செய்தார். அதற்குத் தமிழ்?

அனுப்பானடி: கல்லுளிமங்கன் ஆளுமை. எங்கப்பாவுக்கு முற்றிய நிலை.

சோழவந்தான்: இந்த ஒன்றில்தான் எல்லோரும் ஒத்துப்போகிறோம் போல.

திருநகர்: ஞாயிறு இரவு 10 மணி. வினாத்தாளில் ‘மிகைமெய்ப்பாட்டு ஆளுமை’ போட்டு, பக்கத்திலேயே ‘ஹிஸ்ட்ரியானிக்’ என்றும் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டேன். ‘கோளாறு’ வேண்டுமா என்பதைப் பிறகு பேசுவோம்.

மேலூரான்: கூத்தியலில் பிழையில்லை என்ற என் கருத்தைப் பதிந்துகொள்ளவும். உதரம் ஐந்தாம் மடல் காலையில்.